அக்கி ஒட்டாது என்பது பாதிதான் சரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் ஞாயிறு மருத்துவக் கேள்வி பதிலில் ஒரு வாசகி, தன் மாமியாருக்கு அக்கி வந்திருப்பதாகவும், வீட்டில் மற்றவர்களுக்கு அது ஒட்டுமா என்றும் கேட்டிருந்தார். "அக்கி தொற்றுநோய் அல்ல, பயப்பட வேண்டாம்" என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். அடுத்த வாரமே ஒரு வாசகர் கோபமாகக் கடிதம் எழுதியிருந்தார். அக்கி கண்டவரை 21 நாள் தனி அறையில் வைத்து, தட்டு, டம்ளர் எல்லாம் தனியாகக் கொடுக்க வேண்டுமாம். இரண்டையும் படித்துவிட்டு, விஷயம் தெரிந்த யாராவது எழுதுவார்கள் என்று மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன். யாரும் எழுதவில்லை. சரி, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் டாக்டர் இல்லை. 36 வருஷம் தபால்காரனாக சைக்கிள் மிதித்து ஓய்வு பெற்றவன். மானாமதுரைப் பக்கம் ஒரு கிராமம். ஆனாலும் அக்கியைப் பற்றிப் பேச எனக்கு இரண்டு தகுதி உண்டு. நாங்கள் வேளார், மண்பாண்டம் செய்கிறவர்கள், என் அப்பா அக்கி எழுதியவர். இது ஒன்று. இந்த வருஷம் மாசியில் எனக்கே அக்கி வந்து, என்னிடமிருந்து என் பேரனுக்கு அம்மை போட்டது. இது இன்னொன்று. எனக்கு வந்தது அக்கி, அவனுக்கு வந்தது சின்னம்மை. அந்த வாசகி கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் இதற்குள்தான் இருக்கிறது.

முதலில் அப்பாவைப் பற்றி. அக்கி எழுதுவது என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. ஒரு கொட்டாங்கச்சியில் செங்காவியைத் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொள்வார். கோழி இறகால் தொட்டுக் கொப்புளத்தின் மேலும் சுற்றியும் பூசுவார். பக்கத்தில் ஒரு சிங்கம் வரைவார். அப்பாவின் சிங்கம் நாய் மாதிரிதான் இருக்கும். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். மூன்று நாள் தொடர்ந்து வர வேண்டும், பூசிய காவியைக் கழுவக் கூடாது, துணி படக் கூடாது. கூலி கிடையாது, வெற்றிலை பாக்கோடு ஒன்றேகால் ரூபாய் வைத்தால் வாங்கிக்கொள்வார். அக்கி என்ற சொல்லே அக்னியிலிருந்து வந்தது என்பார்கள். சூளை நெருப்போடு பழகுகிறவன் கைக்குத்தான் அந்த நெருப்பு அடங்கும் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் அப்படி ஒரு நம்பிக்கை.

அப்பா எத்தனை பேரைத் தொட்டிருப்பார்! கொப்புளம் உடைந்து நீர் வடிகிறவர்களை, சீழ் வைத்துப் போனவர்களைக்கூட அருவருப்பு பார்க்காமல் தொட்டு எழுதினார். ஒருநாளும் அவருக்கு அக்கி வந்ததில்லை. "ஒட்டும்னா மொதல்ல எனக்குல்ல ஒட்டணும்?" என்பார். இதற்கு யார் என்ன பதில் சொல்வது? அறுபது வருஷம் நானும் இதையே நம்பினேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது என் தங்கைக்கு அம்மை போட்டது. அப்பா எழுதும்போது காவிக் கொட்டாங்கச்சியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது அவள் வேலை. அம்மா வாசலில் வேப்பிலை செருகினாள், தாளிப்பை நிறுத்தினாள், மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வெளியாட்களை உள்ளே விட்டாள். அந்தச் சமயத்தில் அப்பாவிடம் அக்கிக்கு வந்து போனவர்கள் இருந்தார்கள். ஆனால் அதையும் இதையும் சேர்த்து யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை. அக்கி வேறு, அம்மை வேறு. அது நெருப்பு, இது மாரியாத்தா. தங்கைக்கு அந்த அக்கிக்காரர்களிடமிருந்துதான் வந்தது என்று இப்போது அடித்துச் சொல்ல முடியாது. பங்குனியில் எந்தத் தெருவிலும் அம்மை இருக்கும். ஆனால் இந்த வருஷம் என் பேரன் வேப்பிலையில் படுத்திருந்தபோது எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது.

இனி என் கதை. மாசி மகத்துக்கு மறுநாள் இடது விலாவில் ஒரு வலி. நெருப்புக் கங்கை வைத்த மாதிரி, நடுநடுவே ஊசி குத்தின மாதிரி. எனக்கு வயது 66, இடது பக்கம் வேறு. மகன் பயந்துபோய் ஈசிஜி எடுக்கவைத்தான். நெஞ்சில் ஒன்றும் இல்லை, வாய்வாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் பனியனைக் கழற்றும்போது என் மனைவி பார்த்தாள். "ஏங்க, இங்க என்ன வேர்க்குரு மாதிரி செவந்து கெடக்கு?" மருந்துக்கடையில் சூட்டுக் கொப்புளம் என்று ஒரு களிம்பைக் கொடுத்தார்கள். மறுநாள் அது முத்து முத்தாக நீர் கோத்துக்கொண்டு முதுகெலும்பில் ஆரம்பித்து விலாவைச் சுற்றி நெஞ்சுக் குழி வரை வந்து நின்றது. பாதியில் அறுந்த அரைஞாண் கயிற்றை மார்பில் கட்டின மாதிரி. வேளார் வீட்டில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் யார் சொல்ல வேண்டும்?

நேரே சித்தப்பாவிடம் போனேன். அப்பாவுக்குப் பிறகு எங்கள் வகையறாவில் அக்கி எழுதுகிறவர் அவர்தான். 78 வயது. "ஏலே, உனக்கேவா!" என்று சிரித்துக்கொண்டே எழுதினார். முறைப்படி மூன்று நாள் போனேன். துணி படக் கூடாது என்பதால் வீட்டில் சட்டை, பனியன் எதுவும் போடவில்லை. என் பேரனுக்கு நாலு வயது. தாத்தா உடம்பில் சிங்கம் இருக்கிறது என்பதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். காய்ந்த காவியை விரலால் சுரண்டுவான், மடியில் படுத்துக்கொள்வான், என் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொள்வான். நானும் விட்டேன். அக்கிதான் ஒட்டாதே!

அந்த நாட்களில் நாங்கள் யாரை ஒதுக்கினோம் தெரியுமா? என் மனைவி தனியாகப் படுத்தாள். எனக்குத் தட்டு தனி. டீக்கடையில் என்னோடு இருபது வருஷமாக உட்காரும் நண்பர் ஒருவர், பெஞ்சில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார். கடைக்காரர் எனக்கு மட்டும் காகித டம்ளரில் டீ கொடுத்தார். இவர்கள் எல்லோருக்கும் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருக்கிறது. இவர்களுக்கு என்னால் ஒரு கெடுதலும் வந்திருக்காது. வந்திருக்கக்கூடிய ஒரே ஆளை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தேன்.

கொப்புளம் கிளம்பிய ஐந்தாம் நாள் வலி தாங்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்ன வயது டாக்டரம்மா. காவியைப் பார்த்ததும் திட்டப்போகிறார் என்று பயந்தேன். திட்டவில்லை. கழுவச் சொன்னார், உடைந்த கொப்புளத்தில் மண் போனால் சீழ் பிடிக்கும் என்றார். எப்போது முதல் கொப்புளம் வந்தது என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "72 மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா நல்லா இருந்திருக்கும் ஐயா" என்றார். அந்த மூன்று நாளுக்குள் ஏசைக்ளோவிர் மாதிரி மாத்திரை ஆரம்பித்தால் கொப்புளம் சீக்கிரம் காயும், வலியின் கடுமையும் குறையும். எனக்குப் புதிதாக இன்னும் கொப்புளம் வந்துகொண்டிருந்ததால் தாமதமானாலும் கொடுப்போம் என்று எழுதினார். ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். மகன் செல்போனில் அலாரம் வைத்துக் கொடுத்தான்.

அதற்கப்புறம் அவர் கேட்ட கேள்வியை எந்த டாக்டரும் என்னிடம் கேட்டதில்லை. "வீட்ல யார் யார் இருக்காங்க? யார் யாருக்குச் சின்னம்மை வந்திருக்கு?"

மனைவிக்கு வந்திருக்கிறது, மகனுக்கும் வந்திருக்கிறது. பேரனுக்கு இல்லை. மருமகள் ஆறு மாசம் என்றேன். டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. அங்கிருந்தே மருமகளுக்குப் போன் போட்டோம். அவள் "தெரியல மாமா, அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றாள். அந்தப் பத்து நிமிஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தைப் போல ஒரு நேரத்தை நான் மறுபடி பார்க்க வேண்டாம். சம்பந்தியம்மா சொன்னது: "அஞ்சாப்பு படிக்கையில போட்டுச்சே, பரீட்சைகூட எழுதல. நெத்தி ஓரத்துல இன்னும் வடு இருக்கு பாருங்க." டாக்டரம்மா மூச்சு விட்டார். அம்மை வந்திராத கர்ப்பிணியாக இருந்தால் உடனே ரத்தப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் பத்து நாளுக்குள் போட வேண்டிய ஓர் ஊசி இருக்கிறதாம். கர்ப்பத்தின் முதல் பாதியில் சின்னம்மை கண்டால் அபூர்வமாக வயிற்றுக் குழந்தைக்குப் பாதிப்பு வரலாம். பிரசவ நேரத்தில் தாய்க்கு வந்தால் பிறந்த குழந்தைக்குக் கடுமையாக வரும்.

எதிர் வீட்டுப் பெண் ஒருவர் மதுரையில் கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் அக்கியோடு கிடந்த இரண்டாம் நாள் என்னை நலம் விசாரிக்க வந்திருந்தார். நல்லவேளை, வாசற்படியிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விட்டார். இதைச் சொன்னதும் டாக்டரம்மா, அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொன்னார். கீமோ எடுப்பவர்கள், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள், அம்மை வராத கர்ப்பிணிகள் என்று இவர்கள்தான் அக்கி கண்டவரிடமிருந்து விலகி இருக்க வேண்டியவர்கள். கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை.

இதற்குள் இருக்கும் கணக்கை எனக்கு விளங்கவைத்தது என் மகள். கோவையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறாள். சின்னம்மைக்கும் அக்கிக்கும் கிருமி ஒன்றேதான், வாரிசெல்லா ஜோஸ்டர் என்று பெயர். அம்மை இறங்கிய பிறகும் அது உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துவிடுகிறது. எனக்கு ஏழு வயதில் அம்மை போட்டது. அன்றைக்கு வந்த தபால் அறுபது வருஷம் பட்டுவாடா ஆகாமல் என் முதுகிலேயே கிடந்திருக்கிறது. வயதாகி எதிர்ப்பு சக்தி குறையும்போது எந்த முடிச்சில் கிருமி விழிக்கிறதோ, அந்த நரம்பு ஓடுகிற தடத்தில் மட்டும் கொப்புளம் கிளம்பும். அதனால்தான் உடம்பின் ஒரு பாதியில் மட்டும் வருகிறது. அக்கி பாம்பு மாதிரி சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்தால் ஆள் தப்பமாட்டான் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். என் மனைவி தினமும் காலையில் என் நெஞ்சுக் குழியைக் குனிந்து குனிந்து பார்த்தது இதற்காகத்தான். இடது பக்கத்து நரம்பு நடுக்கோட்டோடு நின்றுவிடும், அது வலது பக்கம் போய்ச் சுற்றாது என்று மகள் சொன்ன பிறகுதான் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அப்பா சொன்ன வாதத்துக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. அக்கி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அக்கியாகப் போகாது. அவரவர் உள்ளே பழைய கிருமி கிடந்தால்தான் வரும். அப்பாவுக்கு அம்மை சின்ன வயதிலேயே வந்து போய்விட்டது, அதனால் அத்தனை பேரைத் தொட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவர் தன்னை மட்டும்தான் பார்த்தார். கொட்டாங்கச்சி பிடித்த பிள்ளையைப் பார்க்கவில்லை.

இதைக் கண்டுபிடித்தவர்களும் வீட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு ஆச்சரியம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹங்கேரி நாட்டு புடாபெஸ்ட் நகரத்தில் போக்கை என்ற குழந்தை மருத்துவர், வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அக்கி வந்தால் சில நாள் கழித்து அங்குள்ள குழந்தைக்குச் சின்னம்மை வருவதைக் கவனித்து எழுதிவைத்திருக்கிறார். அப்புறம் இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற ஊரில் ஹோப் சிம்ப்சன் என்ற சாதாரணப் பொது மருத்துவர், தன்னிடம் வந்த அக்கிக்காரர்களை எல்லாம் 16 வருஷம் விடாமல் குறித்துவைத்து, 1965-இல் அந்தக் கணக்கை வெளியிட்டார். அக்கி வெளியிலிருந்து வருவதில்லை, உள்ளே உறங்கிய அம்மைக் கிருமி எழுவதுதான் என்றார். அம்மைக்குக் காலம் உண்டு, அக்கிக்குக் காலம் கிடையாது. எங்கள் திண்ணைக்கு ஆடியிலும் வந்தார்கள், மார்கழியிலும் வந்தார்கள். அப்பாவும் ஒரு நோட்டுப் போட்டு எழுதிவைத்திருந்தால் என்று ஒரு நப்பாசை.

பேரனுக்கு வருகிறேன். டாக்டரம்மா நாளைக் குறித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். கிருமி பட்ட நாளிலிருந்து 10 முதல் 21 நாளுக்குள் வந்தால் வரும் என்று. பதினைந்தாம் நாள் இரவு காய்ச்சல். மறுநாள் காலை வயிற்றிலும் முதுகிலும் முத்து. தெருவில் எல்லோரும் பங்குனி பிறந்துவிட்டது, ஆத்தா வந்துவிட்டாள் என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொறியாமல் இருக்கக் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று இரவு உட்கார்ந்திருந்தேன். குழந்தைகளுக்கு லேசாகத்தான் போகும் என்றார்கள், அப்படியே போனது. ஆனால் அவன் உள்ளே அந்தக் கிருமி இனிமேல் இருக்கும். அவனுக்கு என் வயது வரும்போது அது அக்கியாக எழலாம். தாத்தா சொத்து என்று எதுவும் பெரிதாக எழுதிவைக்கவில்லை, இதை எழுதிவைத்துவிட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. அக்கியைவிடச் சின்னம்மை பல மடங்கு வேகமாகப் பரவும். அக்கியில் பொதுவாகக் கொப்புளத்து நீர் பட்டால்தான் போகும். அம்மையோ காற்றிலேயே போகும், முத்து தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். காய்ச்சலுக்கு முந்தைய நாள்கூட இவன் அங்கன்வாடிக்குப் போயிருந்தான். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் அங்கே மூன்று பிள்ளைகளுக்கு அம்மை. இவனிடமிருந்துதானா, வேறு எங்கிருந்தாவதா என்று யார் கண்டார்கள்? ஆனால் என் நெஞ்சுக்குத் தெரியும்.

அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை தொங்கும். அதைப் பார்த்து யாரும் உள்ளே வரமாட்டார்கள், பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள். நம் முன்னோர் அதை ஆத்தாவுக்குச் செய்தார்களோ என்னவோ, கிருமிக்கும் அது அணையாக இருந்தது. அக்கிக்கு அப்படி ஓர் அடையாளமும் கிடையாது.

சரி, அப்படியானால் அக்கி கண்டவரை என்ன செய்வது? அந்தக் கோபக்கார வாசகர் சொன்ன மாதிரி அறையில் அடைக்க வேண்டியதில்லை. கொப்புளத்தை மூட வேண்டும், அவ்வளவுதான். சுத்தமான பருத்தித் துணியையோ காயத்துக்குக் கட்டும் காஸ் துணியையோ தளர்வாகச் சுற்றி, மேலே சட்டையும் போட்டுக்கொண்டால் மற்றவர்களுக்குப் போகிற வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். தொட்டால் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். துண்டு, தலையணை உறை, உடுத்திய துணி இவற்றை மற்றவர்கள் எடுக்காமல் தனியாகத் துவைக்க வேண்டும். தட்டு, டம்ளரில் ஒன்றும் இல்லை. ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம், பேசலாம். வலி மட்டும் இருந்து கொப்புளம் வராத நாட்களில் பரவாது. எல்லாம் பொருக்குத் தட்டிக் காய்ந்த பிறகும் பரவாது. நடுவில் உள்ள அந்த ஏழு முதல் பத்து நாள்தான் கணக்கு. உடம்பு முழுக்கக் கொப்புளம் பரவிவிட்டால், அல்லது எதிர்ப்பு சக்தி குறைந்த ஒருவருக்கு அக்கி வந்தால், கதை வேறு. அதை ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும்.

நாங்கள் செய்தது இதற்கு நேர் எதிர். காவி காய வேண்டும் என்று மூட வேண்டியதைத் திறந்து போட்டேன்.

பெரியவர்களுக்கெல்லாம் அம்மை வந்திருக்கும், கவலையில்லை என்று சிலர் சொல்வார்கள். அதையும் நம்பிவிட வேண்டாம். குளிர் நாடுகளில் தடுப்பூசிக்கு முந்தைய காலத்தில் பத்து வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சின்னம்மை வந்து போய்விடுமாம். நம்மைப் போன்ற வெயில் தேசத்தில் அப்படி இல்லை, வாலிப வயது வரை வராமலே இருப்பவர்கள் நிறைய. கல்யாணமாகி முதல் பிள்ளை உண்டாகிற வயதும் அதுதான். பெரியவர்களுக்கு வந்தால் கடுமையாகவும் வரும். அதனால் வீட்டில் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று அம்மாக்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் போன பிறகு கேட்க ஆளில்லை.

தடுப்பூசி பற்றி இரண்டு வார்த்தை. பேரனுக்கு எல்லா ஊசியும் போட்டாயிற்று என்றுதான் நினைத்திருந்தோம். அரசாங்கம் இலவசமாகப் போடுகிற பட்டியலில் சின்னம்மை ஊசி இல்லை என்பதே எங்களுக்குத் தெரியாது. வெளியே காசு கொடுத்துத்தான் போட வேண்டும், 15 மாதத்தில் முதல் ஊசி. மகள் அப்போதே சொன்னாள். அடுத்த மாதம் பார்ப்போம், அடுத்த மாதம் பார்ப்போம் என்று தள்ளிவிட்டோம். ஜப்பானில் தக்காஹாஷி என்ற மருத்துவர் தன் மகன் சின்னம்மையில் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு 1970-களில் கண்டுபிடித்த ஊசி அது. ஐம்பது வருஷம் ஆகியும் எங்கள் ஊர் வரை இலவசமாக வந்து சேரவில்லை. இதைப் பற்றி நீங்கள் ஒரு தலையங்கம் எழுதலாம். அக்கிக்கும் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஊசி உண்டு, 2023 முதல் நம் நாட்டில் கிடைக்கிறது, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை. இரண்டு தவணைக்கும் சேர்த்தால் என் ஒரு மாதப் பென்ஷன் போய்விடும்.

எனக்குக் கொப்புளம் மூன்று வாரத்தில் உதிர்ந்துவிட்டது. வலி போகவில்லை. ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் சட்டை உரசினால் எரிகிறது. மூன்று மாதத்தைத் தாண்டி நிற்கிற இந்த நரம்பு வலிதான் அக்கியின் உண்மையான கொடுமை, வயதானவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். இரவில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குகிறேன். இந்த வலி யாருக்கும் ஒட்டாது. டீக்கடை நண்பருக்கு அதை விளக்கிச் சொல்லிவிட்டேன். அந்த ஓர் ஆள் இடத்தை அவர் இன்னும் விட்டுத்தான் உட்காருகிறார்.

டாக்டரம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார். அக்கி நெற்றியில் வந்து, மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் தெரிந்தால், கண்ணுக்குப் போகிற நரம்பும் மாட்டியிருக்கலாம், அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். காதோரம் வந்து வாய் ஒரு பக்கம் கோணினாலும் அப்படித்தான், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். "அப்ப நான் எழுதுறத நிறுத்தணும்ங்கறியா?" என்றார். கொப்புளத்து மேலே மண் வேண்டாம் சித்தப்பா என்றேன். வருகிறவர்களிடம் எத்தனை நாள் ஆச்சு என்றும், வீட்டில் அம்மை போடாத பிள்ளை, மாசமாக இருக்கிற பெண் யாரும் உண்டா என்றும் கேளுங்கள், கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மாதம் இரண்டு பேர் வந்தால் பெரிது, அந்த இரண்டு பேரையும் நான் பிடுங்கப் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார். நானும் அதற்கு மேல் பேசவில்லை. அவர் கையும் என் அப்பா கையும் ஒரே மாதிரி இருக்கும்.

போன வாரம் அவரே போன் செய்தார். பரமக்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தாராம், நெற்றி முழுக்கக் கொப்புளம். "மூக்கு நுனியில ஒண்ணு இருந்துச்சுப்பா. நீ கண்ணுன்னு சொன்னது ஞாபகம் வந்துச்சு. மதுரைக்குப் பஸ் ஏத்தி விட்டுட்டேன்" என்றார். எழுதவே இல்லையா சித்தப்பா என்று கேட்டேன். "எழுதாமப் போகமாட்டேன்னு அடம் புடிச்சான். ஒரு தாள்ல சிங்கத்த வரைஞ்சு சட்டப் பையில வச்சு அனுப்பிட்டேன்" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்,
மானாமதுரை வட்டம், சிவகங்கை மாவட்டம்.

(கடிதம் நீளம்தான். வெட்டுவதானால் என் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், கொப்புளத்தை மூடச் சொன்ன பத்தியை மட்டும் அப்படியே போடுங்கள். அந்த வாசகியின் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.)